கேள்வி – பதில்: ஏர்பிஎன்பியின் வளர்ச்சியும் நகரங்களுக்கு அது தந்த வாக்கும்

பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்குக் காட்டித்தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, அந்நிறுவனம் அளித்த உறுதிமொழிகளில் சில தாமாகவே நிறைவேறின, சில சட்டம் வந்த பிறகே நிறைவேறின என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு விளக்கம் கேட்டும் அதை மறுத்தும் வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சொந்தமாக ஓர் அறைகூட இல்லாத நிறுவனம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? மூன்று காற்று மெத்தைகளில் தொடங்கியது என்கிறார்களே, அது விளம்பரத்துக்காகச் சொல்லப்படும் கதையா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பதில்: கதையல்ல, நடந்ததுதான். 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று நடந்தபோது ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. வீட்டு வாடகை கட்ட வழி தேடிக்கொண்டிருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்னும் இரண்டு இளைஞர்கள் தங்கள் வரவேற்பறையில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு, காலை உணவும் சேர்த்து ஓர் இரவுக்கு 80 டாலர் என்று அறிவித்தார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். பிறகு நேதன் பிளெசார்சிக் என்ற பொறியாளரும் சேர்ந்துகொள்ள, 2008இல் நிறுவனம் உருவானது. அந்நியரைத் தன் வீட்டில் யார் தூங்க விடுவார்கள் என்று முதலீட்டாளர்கள் பலர் கைவிரித்தார்கள். அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்த அந்த ஆண்டில் ஒபாமா, மெக்கெய்ன் ஆகியோரின் பெயரில் காலை உணவுத் தானியப் பெட்டிகளை 40 டாலர் வீதம் விற்று, ஏறத்தாழ 30,000 டாலர் திரட்டித்தான் அவர்கள் பிழைத்துக்கிடந்தார்கள். 2009 தொடக்கத்தில் ஒய் காம்பினேட்டர் என்னும் தொழில் வளர்ப்பகம் 20,000 டாலர் முதலீடு செய்து அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

வளர்ச்சியின் காரணத்தை இந்தக் கதையில் தேட வேண்டியதில்லை. ஓட்டல் நடத்துபவர் நூறு அறைகளைக் கூட்ட வேண்டுமானால் நிலம் வாங்கி, அனுமதி பெற்று, கடன் எடுத்துக் கட்டடம் எழுப்ப வேண்டும். இந்நிறுவனமோ ஏற்கெனவே எழும்பி நிற்கும் வீடுகளின் படங்களை உரிமையாளர்கள் ஏற்றுவதற்கு ஓர் இடம் கொடுத்தால் போதும். வீட்டின் தேய்மானம், சுத்தம் செய்யும் வேலை, காலியாகக் கிடக்கும் நாட்களின் இழப்பு ஆகிய எல்லாம் வீட்டுக்காரருடையவை. நிறுவனம் தங்க வருபவரிடம் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, அவர் வந்து சேர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் கழிந்த பிறகு வீட்டுக்காரருக்கு அனுப்புகிறது. இதற்கிடையில் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. தங்கியவர் வீட்டைப் பற்றியும், வீட்டுக்காரர் தங்கியவரைப் பற்றியும் கருத்து எழுதும் ஏற்பாடு அந்நியர்களுக்கிடையே ஒருவகை நம்பிக்கையை உண்டாக்கியது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இதன் வழியே சுமார் 49 கோடி இரவுகளும் சுற்றுலா நிகழ்ச்சிகளும் முன்பதிவாயின; வருவாய் 1,100 கோடி டாலரைத் தாண்டியது.

ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் காப்புறுதி எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள். 2011இல் சான் பிரான்சிஸ்கோப் பெண் ஒருவரின் வீட்டை, தங்க வந்தவர்கள் சூறையாடிவிட்டுப் போனார்கள். அவர் அதை எழுதி வெளியிட்டு, நாடு முழுவதும் செய்தியான பிறகுதான், வீட்டுக்காரர்களின் பொருட்சேதத்துக்கு 50,000 டாலர் வரை ஈடு தருவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு அது 10 இலட்சம் டாலரானது. இப்போது 30 இலட்சம் டாலர். இந்நிறுவனத்தின் வாக்குறுதிகள் பெரும்பாலும் பிறக்கும் விதம் இதுதான்.

கேள்வி: 2015இல் நிறுவனம் வெளியிட்ட சமூக உடன்பாட்டைத் தாங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். யாரும் கேட்காமலேயே ஒரு நிறுவனம் நகரங்களுக்கு உறுதிமொழி அளித்தது பாராட்டத்தக்கதல்லவா?
– சுற்றுலாத் துறையில் பணிபுரியும் வாசகர்

பதில்: யாரும் கேட்காமல் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் எஃப் என்னும் எழுத்தால் குறிக்கப்பட்ட முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. ஒரு வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதை ஆண்டுக்கு 75 நாட்களாகச் சுருக்குவதும், விதி மீறுபவர்மீது அண்டை வீட்டாரே வழக்குத் தொடுக்க வழி செய்வதும் அதன் நோக்கம். அதைத் தோற்கடிக்க நிறுவனம் 80 இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. ஏறத்தாழ 55 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்ததால் முன்மொழிவு தோற்றது. ஆயினும் தன் சொந்த ஊரிலேயே வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் தனக்கு எதிராக நிற்கிறார்கள் என்பதையும், இதே வாக்கெடுப்பு நாளை வேறு நகரங்களிலும் வரலாம் என்பதையும் நிறுவனம் உணராமல் இருந்திருக்காது. அடுத்த வாரமே வெளிவந்ததுதான் அந்தச் சமூக உடன்பாடு. அதே வேளையில், வீடு தருபவர்கள் தங்களுக்காகக் குரல் கொடுக்கும் வகையில் நூறு நகரங்களில் நூறு மன்றங்கள் உருவாக உதவப்போவதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஒரு கையில் உடன்பாடு, மறு கையில் வாக்காளர் அணி என்று நான் இதைப் படிக்கிறேன்.

உடன்பாட்டின் உள்ளடக்கத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. நகரங்கள் விதிக்கும் ஓட்டல் வரி, சுற்றுலா வரி ஆகியவற்றில் தன் வழியே தங்குவோரின் பங்கு உரிய முறையில் செலுத்தப்பட உதவுவது முதலாவது. தனிநபர் விவரங்களை நீக்கிய தரவுகளை நகரங்களுக்கு வெளிப்படையாகத் தருவது இரண்டாவது. நீண்ட கால வாடகை வீடுகளுக்குத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில், ஒருவர் தாம் நிரந்தரமாக வாழும் வீட்டை மட்டுமே குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும்படி பார்த்துக்கொள்வது மூன்றாவது. ஒரு நகராட்சி வழக்கறிஞரே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இவற்றைத்தான் எழுதியிருப்பார்.

வேறுபாடு ஓரிடத்தில் இருக்கிறது. வரி வசூலிப்பதால் நிறுவனத்தின் வியாபாரம் குறையாது. வரி செலுத்தும் தொழில் என்ற சட்ட அங்கீகாரம்கூடக் கிடைக்கும். ஆனால் ஒருவருக்கு ஒரு வீடு என்ற மூன்றாவது உறுதிமொழியை முழுமையாக நிறைவேற்றினால், பத்து இருபது வீடுகளை எடுத்து நடத்தும் வியாபாரிகளை வெளியேற்ற வேண்டும். அவர்கள் வழியாக வரும் கட்டணத்தை இழக்க வேண்டும். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010 முதல் 2014 வரையிலான காலத்தில் நியூயார்க் நகரில் வீடு தருபவர்களில் 6 சதவீதத்தினராக இருந்த இத்தகைய வியாபாரிகள், மொத்த வாடகை வருவாயில் 37 சதவீதத்தை ஈட்டியிருந்தார்கள். இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று உறுதிமொழிகளையும் மறுபடி படித்தால், எது எளிதில் நிறைவேறும், எது இழுபடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படித்தான் ஆயிற்று.

கேள்வி: தரவுகளைத் தருவதாகச் சொன்னார்கள், தந்தும் விட்டார்கள். அதன் பிறகும் நியூயார்க்கில் ஏன் சண்டை ஓயவில்லை?
– தகவல் தொழில்நுட்ப ஊழியர்

பதில்: தந்தார்கள், ஆனால் தந்த விதம் சண்டையை வளர்த்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க் பற்றிய தரவுகளை நிறுவனம் திறந்து காட்டியது. பார்க்க விரும்பியவர்கள் நேரம் பெற்றுக்கொண்டு, நிறுவனம் சொன்ன அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த கணினியில்தான் பார்க்க வேண்டும். படியெடுத்துக்கொண்டு வர முடியாது. வீடு முழுவதையும் வாடகைக்கு விடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓரிரு வீடுகளை மட்டுமே பதிந்திருக்கிறார்கள் என்று அந்தத் தரவு காட்டியது. உடன்பாட்டில் சொன்ன சித்திரத்தோடு அது அழகாகப் பொருந்தியது.

பொருத்தம் கொஞ்சம் அதிகம் என்று சிலருக்குத் தோன்றியது. நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து பொதுவாகத் தெரியும் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்துவந்த மர்ரே காக்ஸ், டாம் ஸ்லீ ஆகிய இருவர், 2016 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தரவு எடுக்கப்பட்ட நவம்பர் 17ஆம் தேதிக்குச் சற்று முன்னதாக, பல வீடுகளை நடத்துபவர்களுடைய பதிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தளத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தன என்று அவர்கள் காட்டினார்கள். முதலில் மறுத்த நிறுவனம், ஏறத்தாழ 1,500 பதிவுகளைத் தான் நீக்கியதைப் பின்னர் ஒப்புக்கொண்டது. வியாபாரிகளை நீக்குவதாகத்தான் உடன்பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்களே, அதைச் செய்ததில் என்ன தவறு என்று கேட்கலாம். நீக்கியது தவறல்ல. நீக்கியதைச் சொல்லாமல், நீக்கிய பிறகு எடுத்த கணக்கை நகரத்தின் வழக்கமான நிலைமை என்று காட்டியதுதான் தவறு. வெளிப்படைத்தன்மைக்கு வாக்குக் கொடுத்த கையோடு இது நிகழ்ந்ததால், அதன் பின் நிறுவனம் தானாக நீட்டிய எந்தக் கணக்கையும் நியூயார்க் நம்பவில்லை.

முடிவில் நகரமே தன் வழியைப் பார்த்துக்கொண்டது. 18ஆம் எண் உள்ளாட்சிச் சட்டம் 2023 செப்டம்பர் 5 முதல் அமலாக்கப்பட்டது. முப்பது நாட்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். தங்க வருபவர் இருக்கும்போது அவரும் வீட்டில் இருக்க வேண்டும். இருவருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. இவற்றைவிட முக்கியமான விதி, பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் நிறுவனம் பணம் வாங்கக் கூடாது என்பது. சரிபார்க்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தவுடன் குறுகிய கால வாடகைப் பதிவுகள் மளமளவென்று சரிந்தன. எட்டாண்டுகளாக உடன்பாட்டால் ஆகாதது சில வாரங்களில் ஆயிற்று.

ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் இயற்றிய ஒழுங்குமுறையில், வீட்டுப் பகிர்வுத் தளங்கள் தங்கள் தரவுகளை அரசுகளுக்குத் தவறாமல் அனுப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2026 மே 20 அதற்கு நடைமுறை நாள். நேரம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கும் தரவுக்கும், சட்டப்படி வந்து சேரும் தரவுக்கும் உள்ள தூரம் சிறிதல்ல.

கேள்வி: நகரங்களுக்குக் கோடிக்கணக்கில் வரி கட்டுகிறோம் என்று நிறுவனம் சொல்லிக்கொள்வது சரியா?
– வரி ஆலோசகர்

பதில்: பாதி சரி. தங்குபவர் கொடுக்கும் வரியை வசூலித்து நகரத்திடம் ஒப்படைப்பதுதான் நடக்கிறது. அமெரிக்காவில் போர்ட்லண்ட், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் 2014இலேயே இது தொடங்கிவிட்டது. உடன்பாட்டுக்கு முந்தைய செயல் என்பதால் இதை நிறுவனத்தின் பெருமைக் கணக்கில் எழுதத் தயங்க மாட்டேன். ஆனால் 2015 வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு, தான் ஒப்படைத்த 1.2 கோடி டாலர் வரியில் நூலகத்தைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கலாமே என்ற தொனியில் சான் பிரான்சிஸ்கோ எங்கும் பலகைகள் வைத்து, மக்களின் கோபத்தைச் சம்பாதித்து, மன்னிப்புக் கேட்டு அவற்றை எடுத்தது. வேறொருவர் கொடுத்த பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் கைம்மாறு எதிர்பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டுக்காரர்களின் வாடகை வருமானத்தில் 21 சதவீதத்தைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று இத்தாலி 2017இல் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022 டிசம்பரில் இத்தாலியின் பிடித்தம் செல்லும் என்றது. மறு ஆண்டு மிலான் அரசு வழக்கறிஞர்கள் 77.9 கோடி யூரோவை முடக்க ஆணை பெற்றார்கள். 2023 டிசம்பரில் நிறுவனம் 57.6 கோடி யூரோ கட்டி அதைத் தீர்த்துக்கொண்டது. சுற்றுலா வரியை விரும்பி வசூலிக்கும் நிறுவனம், வீட்டுக்காரரின் வருமான வரியைப் பிடிக்க ஆறு ஆண்டுகள் மறுத்தது ஏன்? வரி பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் வேறு தளத்துக்குப் போய்விடக்கூடியவர் வீட்டுக்காரர்தானே.

கேள்வி: இந்நிறுவனத்தால் வாடகை ஏறுகிறது என்பது ஓட்டல் முதலாளிகள் பரப்பும் செய்தி என்று என் மகன் சொல்கிறான். ஆய்வுகள் என்ன சொல்கின்றன?
– இல்லத்தரசி

பதில்: ஓட்டல் சங்கங்கள் இந்தப் பிரச்சாரத்துக்குப் பணம் கொடுத்தது உண்மை, தங்கள் மகன் அந்த அளவில் சரியாகவே சொல்கிறார். ஆனால் ஓட்டல்களோடு தொடர்பில்லாத பொருளாதார ஆய்வுகளும் இதைப் பார்த்திருக்கின்றன. பாரன், குங், புரோசெர்பியோ ஆகிய மூவர் அமெரிக்கா முழுவதற்குமான தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு பகுதியில் ஏர்பிஎன்பி பதிவுகள் 1 சதவீதம் கூடினால் வாடகை 0.018 சதவீதமும் வீட்டு விலை 0.026 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். பார்க்க அற்பமாகத் தெரியும் எண்தான். ஆனால் பதிவுகள் ஆண்டுக்கு 1 சதவீதம் கூடவில்லை; வேகமாக வளர்ந்த காலத்தில் பல மடங்கு விகிதத்தில் கூடின. பார்சிலோனாவில் நடந்த மற்றோர் ஆய்வு, நகரத்தின் சராசரி வாடகை இதனால் 1.9 சதவீதம் உயர்ந்தது என்றும், பதிவுகள் மிகுந்த வட்டாரங்களில் உயர்வு 7 சதவீதம் என்றும் சொல்கிறது. நகரத்தின் சராசரியைக் காட்டி விளைவு சிறிது என்று ஒரு தரப்பும், நடுநகரத் தெரு ஒன்றைக் காட்டி விளைவு பெரிது என்று மறுதரப்பும் பேசுவதற்கு இந்த ஒரே ஆய்வில் இடம் இருக்கிறது. இரண்டும் உண்மை; விளைவு ஊர் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை.

இது நிகழும் வழி எளிது. நீண்ட கால வாடகைதாரரிடம் ஒரு மாதத்தில் கிடைப்பதைவிடப் பயணிகளிடம் பத்துப் பன்னிரண்டு இரவுகளில் அதிகம் கிடைக்குமானால், வீட்டுக்காரர் கணக்குப் போடுவார். அந்தத் தெருவில் ஒரு வீடு வாடகைச் சந்தையை விட்டு வெளியேறும். தான் வாழும் வீட்டின் உபரி அறையை விடுபவரால் இது நேர்வதில்லை. மேலே குறிப்பிட்ட மூவரின் ஆய்விலும், உரிமையாளர்களே குடியிருக்கும் வீடுகள் மிகுந்த பகுதிகளில் விளைவு குறைவாகவே இருந்தது. ஆகவே சமூக உடன்பாட்டின் மூன்றாவது உறுதிமொழி சரியான இடத்தைத்தான் தொட்டிருந்தது. அது வாயளவில் நிற்காமல் இருந்திருந்தால் பின்னாளில் வந்த கடுமையான சட்டங்களில் பாதி தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து.

நியூயார்க்கில் இவ்வளவு பதிவுகள் நீங்கியும் வாடகை இறங்கிவிடவில்லையே என்று நிறுவனம் இப்போது வாதிடுகிறது. அந்நகரத்தில் 2023இல் காலியாக இருந்த வாடகை வீடுகள் 1.4 சதவீதம் மட்டுமே. அத்தனை பெரிய பற்றாக்குறை பல பத்தாண்டுகளாகப் போதிய வீடு கட்டாததால் வந்தது. குறுகிய கால வாடகையைத் தடுத்து மட்டும் அதை நிரப்ப முடியாது. இதை நகராட்சிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றுலாப் பயணியைத் திட்டுவது வீடு கட்டுவதைவிடச் செலவு குறைந்த வேலை என்பதால் அரசியல்வாதிகள் சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு விதி போடுவது ஏன்? எது நன்றாக வேலை செய்தது?
– சட்டக் கல்லூரி மாணவி

பதில்: நாள் வரம்பு வைப்பது ஒரு வழி. இலண்டனில் ஆண்டுக்கு 90 இரவுகள். ஆம்ஸ்டர்டாமில் 60 என்று இருந்ததை 2019 முதல் 30 ஆக்கினார்கள். பாரிசில் முதன்மைக் குடியிருப்புக்கு 120 நாட்கள் என்று இருந்தது. 2024இல் வந்த சட்டத்தால் நகராட்சிகள் அதை 90 வரை குறைக்கலாம் என்றானதும் பாரிசு அவ்வாறே குறைத்துக்கொண்டது. ஒரே தளத்தில் எண்ணினால்தான் நாள் கணக்கு நிற்கும். மூன்று தளங்களில் ஒரே வீட்டைப் பதிந்தால் ஒவ்வொன்றும் தன் கணக்கை மட்டுமே பார்க்கும். அதுதான் இந்த வழியின் ஓட்டை.

உரிமத்தை அடியோடு நிறுத்துவது மற்றொரு வழி. பார்சிலோனாவின் மேயர் ஜவுமே கொல்போனி, நகரிலுள்ள 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்போவதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தார். நல்லவரையும் கெட்டவரையும் ஒன்றாகத் தள்ளும் வழி இது என்பதால் எனக்கு இதில் முழு உடன்பாடில்லை.

நன்றாக வேலை செய்ததற்கு ஜப்பானைச் சொல்வேன். 2018 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், வீட்டை ஆண்டுக்கு 180 நாட்கள் வரை விடலாம் என்று தாராளமாகவே அனுமதித்தது. அதற்குப் பதிவு எண் வேண்டும் என்றது. எண் இல்லாத வீட்டைத் தளங்கள் காட்டக் கூடாது என்றது. நடைமுறை நாளுக்குச் சில நாட்கள் முன்பு நிறுவனம் தன் ஜப்பானியப் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நீக்கியது. முன்பதிவு செய்திருந்த பயணிகள் பலர் தவித்தார்கள். அவர்களுக்காக 1 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. ஆனால் அதன் பிறகு எஞ்சியவை சட்டப்படியான வீடுகளாக இருந்தன. அந்த அடித்தளத்தின் மேல் எண்ணிக்கை மீண்டும் வளர்ந்தது. விதி தாராளமாக இருக்கலாம், ஆனால் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நிறுவனத்தைக் குறை சொல்வதிலேயே குறியாக இருக்கிறீர்கள். அது தானாகச் செய்த நல்லது ஒன்றுகூட இல்லையா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: இருக்கிறது. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, இனப் பாகுபாடு குறித்தது. ஆர்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தபோது, ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்குரிய பெயர்களில் போனவை ஏற்கப்படும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. 2016இல் கறுப்பினப் பயணிகள் தங்களுக்கு நேர்ந்ததைப் பொதுவெளியில் எழுதத் தொடங்கினார்கள். தொடக்கம் இங்கும் நெருக்கடிதான். ஆனால் தொடர்ச்சி வேறு மாதிரி இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல், இனம், மதம், பாலினம், வயது, உடற்குறை முதலியவற்றால் எவரையும் வேறுபடுத்த மாட்டேன் என்ற சமூக உறுதிமொழியை ஏற்காதவர் தளத்தைப் பயன்படுத்த முடியாது என்றானது. ஏற்க மறுத்துப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்ததாக நிறுவனம் பின்னர் தெரிவித்தது. 2018இல், முன்பதிவை ஏற்ற பிறகே தங்க வருபவரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும்படி மாற்றினார்கள். 2020இல் குடிமை உரிமை அமைப்புகளோடு சேர்ந்து பாகுபாட்டை அளக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2022இல் முடிவை வெளியிட்டார்கள்: வெள்ளையராகத் தோன்றுபவர்களின் முன்பதிவு முயற்சிகளில் 94.1 சதவீதம் வெற்றி பெற்றது. கறுப்பினத்தவராகத் தோன்றுபவர்களுக்கு அது 91.4 சதவீதம். தனக்குச் சாதகமில்லாத எண்ணைத் தானே அளந்து, தானே அச்சிட்ட நிறுவனத்தைக் குறைகூற எனக்கு மனம் வராது. நியூயார்க் தரவிலும் இந்த நேர்மையைக் காட்டியிருக்கலாம்.

இரண்டாவது, இடர்ப்பாட்டுக் காலத் தங்குமிடம். 2012இல் சாண்டிப் புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது வீட்டுக்காரர்கள் சிலர் தாமாகவே இலவசமாக இடம் கொடுக்க முன்வந்தார்கள். கட்டணமின்றி அதைச் செய்யும் வசதியை நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. 2020இல் அது தனி அறக்கட்டளையானது. 2022இல் உக்ரைனிலிருந்து வெளியேறிய ஒரு இலட்சம் பேர் வரை தற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்வதாக அது அறிவித்தது. இதில் விளம்பரம் கலந்திருக்கிறது என்பார்கள். கலந்திருக்கட்டும், கூரை கூரைதான்.

கேள்வி: கொரோனாக் காலத்தில் வீட்டுக்காரர்களை நிறுவனம் கைவிட்டது என்கிறார்களே?
– தனியார் பள்ளி ஆசிரியர்

பதில்: 2020 மார்ச்சில், வீட்டுக்காரர்கள் வைத்திருந்த ரத்து விதிகளை ஒதுக்கிவிட்டு, தங்க வருவதாக இருந்தவர்களுக்கு முழுப் பணத்தையும் நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. பயணிகள் நோக்கில் நியாயமானது. வீட்டுக்காரர்களைக் கேட்காமல் செய்யப்பட்டது. கொந்தளிப்புக்குப் பின் நிறுவனர்களில் ஒருவரான செஸ்கி வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, இழப்பின் ஒரு பகுதியை ஈடுகட்ட 25 கோடி டாலர் ஒதுக்கினார். மே மாதத்தில் ஏறத்தாழ 1,900 ஊழியர்கள், அதாவது நால்வரில் ஒருவர், வேலை இழந்தார்கள். டிசம்பர் 10 அன்று 68 டாலர் விலையில் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனத்தின் பங்கு, முதல் நாளிலேயே இருமடங்குக்கு மேல் ஏறியது. ஒரே ஆண்டில் இவ்வளவும் நடந்தன. வீட்டுக்காரர்களின் நலனுக்கென 92 இலட்சம் பங்குகளைக் கொண்டு ஒரு நிதியம் அமைப்பதாகவும் அப்போது அறிவித்தார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் வாரந்தோறும் புதிய முகங்கள், இரவெல்லாம் கூச்சல் என்றால் யாரிடம் சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: காவல் துறையிடமும் நகராட்சியிடமும் முதலில் சொல்லுங்கள், நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள், அண்டை வீட்டார் புகார் செய்யத் தனி வழி அதன் தளத்தில் உண்டு. கலிபோர்னியாவின் ஒரிண்டா என்னும் ஊரில் 2019 அக்டோபர் 31 இரவு வாடகை வீட்டுக் கேளிக்கை ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் இறந்த பிறகு, கேளிக்கை வீடுகளைத் தடை செய்வதாக நிறுவனம் அறிவித்தது. 2020 ஆகஸ்டில் உலகெங்கும் தடை வந்தது. 2022இல் அது நிரந்தரமானது.

கேள்வி: பயணம் போகும்போது நான் எடுக்கும் வீடு அந்த ஊர் மக்களுக்குப் பாதகமில்லாததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– அடிக்கடி வெளிநாடு செல்லும் வாசகர்

பதில்: பதிவு எண் கட்டாயமாக உள்ள நகரங்களில், வீட்டைப் பற்றிய விவரப் பக்கத்திலேயே அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும், பாரிசு, பார்சிலோனா, ஜப்பானிய நகரங்கள் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். எண் இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், ஏனெனில் அது கடைசி நேரத்தில் ரத்தாகும் அபாயமும் தங்களுக்குத்தான். அடுத்து, வீட்டுக்காரரின் பெயரைத் தட்டி அவர் வேறு எத்தனை வீடுகளைப் பதிந்திருக்கிறார் என்று பாருங்கள். இருபது வீடுகள் இருந்தால் அவர் தம் வீட்டைப் பகிர்பவர் அல்லர், தங்கும் விடுதி நடத்துபவர். அப்படிப்பட்டவரிடம் தங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வரியும் தீயணைப்பு விதிகளும் கடைப்பிடிக்கும் ஓட்டல் ஒன்று அதே விலையில் அருகிலேயே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முன்பு தங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் வீட்டுக்காரரை நேரில் கண்டதாக யாராவது குறிப்பிட்டிருக்கிறார்களா, அல்லது கதவு எண்பூட்டின் குறியீடு மட்டும் குறுஞ்செய்தியில் வந்ததாகச் சொல்கிறார்களா என்பதையும் படித்துவிடுங்கள்.